நாற்காலி வில்

"அதுல கை வெக்காதீங்க சார். அது நீங்க குந்துற நாற்காலி."

"நாற்காலிதானே தயாளன்? அறுங்க."

"வேற கட்டை எதுனா கீதான்னு பாத்துட்டு அப்பால..."

"எங்க பாப்பீங்க? பரண்ல பத்து வருஷத்து விடைத்தாள் இருக்கு. அதுல வில்லு செய்ய முடியுமா? புள்ள மூச்சு விடறத கேளுங்க. அறுங்கன்னா அறுங்க."

தயாளன் கேட்டான். மூலையில் கிடந்த கட்டிலில் அவன் மகள் ஸ்நேகா படுத்திருந்தாள். பதினோரு வயது. ரயிலைப் பிடிக்க ஓடிவந்து ஏறியவளைப்போல வேகவேகமாக, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் காலையிலிருந்து அவள் எழுந்து உட்காரக்கூட இல்லை. தலைமாட்டில் இருந்த சுபத்ரா மகளின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். பழ வாசனை. தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாசனையோடுதான் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைக்க வைத்து அனுப்பிய டாக்டரம்மா, இந்த வாசனை மறுபடி வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். வாசனை வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"யோவ், அறு" என்றாள் சுபத்ரா.

தயாளன் அறுக்க ஆரம்பித்தான். ஆக்சா பிளேடு மட்டும்தான் இருந்தது. அதன் சட்டம் கீழ்வீட்டோடு முழுகிப்போயிருந்தது. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தனசிங் சாரின் தேக்கு நாற்காலியை இருக்கைக்குக் கீழே இழுத்து இழுத்து அறுத்தான். மரத்தூள் ஈரத் தரையில் விழுந்து காபித்தூள்போல ஊறியது.

அனகாபுத்தூரில் ஆற்றோரமாக இருக்கும் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருவது புதிதல்ல. வந்தால் எதை முதலில் மேலே ஏற்றுவது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. பாவு நூல், அதற்குக் குறுக்கே ஓடும் நாடா, நூல் சுற்றிய தார்க்கூடை. தறியில் ஏற்றிய பாவு நனைந்தால் மூன்று சேலை போயிற்று. அதனால் நெய்கிற வீடுகளில் கால் நனைந்ததுமே கை தானாகத் தறிக்குப் போகும். நேற்று விடியற்காலையும் சுபத்ராவின் கை அப்படித்தான் போனது. தறிக்குழியில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டு எழுந்தவள் பாவை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டு மாடிக்கு ஓடினாள். அதை வைத்துவிட்டு இறங்கி, நாடா இரண்டையும் தார்க்கூடையையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவை இறங்கியபோது தண்ணீர் மார்பு மட்டத்துக்கு வந்திருந்தது. ஃபிரிட்ஜ் மிதந்து, சாய்ந்து, கதவு சுவரோடு சேர்ந்து அடைத்துக்கொண்டது.

ஸ்நேகாவின் இன்சுலின் அதற்குள் இருந்தது.

தயாளன் மூன்று முறை முங்கினான். மூன்றாம் முறை மேலே வந்தபோது அவன் கையில் தக்காளித் தொக்குப் பாட்டில் இருந்தது. அதைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை அவனுக்கு. எதையும் நனையாமல் உடையாமல் அனுப்புவது எப்படி என்று பதினாலு வருஷமாக அவனுக்குத் தெரியும்.

மாடியில் குடியிருந்த தனசிங் சார்தான் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார். ரிட்டயரான அறிவியல் வாத்தியார். மனைவி கிருபா ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கட்டிவிட்டுப் போன கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கரண்டு இல்லாமல் பால்கனியில் நனைந்து தொங்கியது. சார் தன் வீட்டு ரவையில் கஞ்சி காய்ச்சினார். எல்லோரும் இரண்டு வேளை அதைக் குடித்தார்கள். ஸ்நேகாவுக்கு மட்டும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கடைசி ஊசி போட்டது முந்தாநாள் ராத்திரி.

"அம்மா."

"இன்னாம்மா?"

"தீனாண்ணா வந்துட்டாரா?"

"வந்துட்டாருடா. நம்ம மருந்து வாங்கியாந்து வெச்சினு அங்கதான் நிக்கிறாரு."

அது பொய்யில்லை. எதிர்க்கரையில், சுபத்ராவோடு தறி நெய்யும் கிளியம்மாளின் வீட்டு மொட்டைமாடியில் அவள் மகன் தீனா நின்றுகொண்டுதான் இருந்தான். கையில் மஞ்சள் கவர். காலையில் தனசிங் சாரின் போன் அணைவதற்கு முன் அதில் மிச்சமிருந்த உயிரைச் செலவழித்து சுபத்ரா கிளியம்மாளைக் கூப்பிட்டிருந்தாள். கிளியம்மாள் மகனை எழுப்பிவிட்டாள். அவர்கள் வீட்டுப் பின்வாசல் பம்மல் போகிற மேட்டுத்தெருவில் திறக்கிறது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தீனாவுக்கு. பல்லாவரம் வரை வண்டியைத் தள்ளியும் ஓட்டியும் போய், நாலு கடை ஏறி இறங்கி, பதினோரு மணிக்கெல்லாம் மருந்தோடு திரும்பிவிட்டான்.

இடையில் ஓடை இருந்தது. மற்ற நாட்களில் அது ஓடைகூட இல்லை. ஆடு மேய்கிற, கிரிக்கெட் ஆடுகிற பள்ளம். இப்போது ஆறு அதற்குள் நுழைந்து நூறடி அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரைத் திட்டுகள், ஒரு காஸ் சிலிண்டர், யாரோ வீட்டுக் கட்டில். தீனா சட்டையைக் கழற்றிவிட்டு நீந்தி வரப் பார்த்தான். அந்த நேரம் ஒரு பீரோ கதவு திறந்தபடி உருண்டுகொண்டு போயிற்று. கிளியம்மாள் பின்னாலிருந்து மகனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கயிற்றில் கல் கட்டி எறிந்து பார்த்தான். பாதி தூரம்கூட வரவில்லை. காலையில் ஒரு படகு அடுத்த தெரு வழியாகப் போனது. திரும்பி வருகிறோம் என்று கையைக் காட்டினார்கள். வரவில்லை.

அப்போதுதான் தனசிங் சார் சொன்னார். "கையால முடியாதத ரப்பர் செய்யும். தயாளன், உண்டிகோல்ல கோயில் மணிய அடிச்சேன்னு பீத்திக்குவீங்களே."

"அது பொடிக் கல்லு சார். நூறடிக்குக் கயிற இயுத்துக்கினு போவணுமே. கைல புடிச்சு அவ்ளோ ரப்பர இயுக்க முடியாது."

"கைல எதுக்கு? கட்டைல புடிக்கட்டும். கட்டைல இழுத்து மாட்டி வச்சு, நிதானமா குறி பாத்து விடலாம்."

அறுத்து முடித்தபோது நாற்காலியின் முதுகு இரண்டு கால்களோடு தனியாக வந்தது. நடுப்பட்டைகளைத் தட்டி எடுத்ததும் அது பெரிய கவட்டையாகிவிட்டது. சுத்தியல் இல்லை. அம்மிக்குழவியால் தட்டினான். சாரின் இன்னொரு கட்டிலின் பக்கப் பலகையைக் கழற்றி, அதன் முனையில் கவட்டையை ஆணி அடித்துக் கொடிக்கயிற்றால் வரிந்தான். தையல் மெஷினின் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பலகையின் மறுமுனையில் பொருத்தினான். ரப்பரை இழுத்துத் தாழ்ப்பாளில் மாட்டினால் நிற்க வேண்டும். தாழ்ப்பாளை இழுத்தால் விட வேண்டும்.

"இனிமே பாடிக்கினேதான் குளிக்கணும் சார் நீங்க."

"நான் பாடினா படகு வராது. இருக்கறவங்களும் தண்ணில குதிச்சிருவாங்க."

தயாளன் சிரித்தான். தான் சிரித்ததைக் கேட்டு அவனே திடுக்கிட்டு, கட்டிலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

படிக்கட்டில் ஏற்றி வைத்திருந்த சைக்கிளின் டியூபை உருவி அரிவாள்மனையில் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தாள் சுபத்ரா. தனசிங் சார் ஒரு துண்டுப் பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் பிளந்து, பலகை மேல் வாய்க்கால்போலப் பதித்து, உள்ளே தேங்காயெண்ணெய் தடவினார். கைகள் வேலை செய்கிறவரை சுபத்ராவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை ஓய்ந்தால், ஃபிரிட்ஜின் வெள்ளைக் கதவும் தன் தோளில் இருந்த பாவும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அதனால் கிழித்த ரப்பரையே இன்னும் கொஞ்சம் நேராக்கிக் கிழித்தாள்.

மூன்று பேருமாக அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார்கள். மழை தூறலாகக் குறைந்திருந்தது. காற்று குறையவில்லை. தண்ணீரின் இரைச்சல் காதுக்குள் ஈரத்துணியை அடைத்ததுபோல இருந்தது. எதிர்மாடியில் கிளியம்மாள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். இவர்கள் தூக்கிவந்ததைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ கேட்டாள். "இன்னாடி அது, பாடையா?" என்று கேட்டதுபோல இருந்தது. கேட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

கிளியம்மாளும் சுபத்ராவும் ஒரே தறியில் பதினொரு வருஷம் நெய்தவர்கள். பெரிய கரை வைத்த சேலைக்கு ஒரு ஆள் போதாது. கிளியம்மாள் குழியில் உட்கார்ந்து நெய்ய, சுபத்ரா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவாள். இவள் போட அவள் பிடிக்க வேண்டும். அவள் போட இவள் பிடிக்க வேண்டும். 'போடறேன்க்கா' என்று ஒரு கை நீண்டால் மறு கை தானாக விரியும், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான தடவை. தீனாவுக்குப் பெண் பார்த்த கதை, தயாளன் குடித்துவிட்டு வந்த கதை, ஸ்நேகாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த கதை, எல்லாவற்றையும் அந்த நாடா போகிற வருகிற இடைவெளியிலேயே பேசினார்கள். எந்தப் பேச்சிலும் ஒருத்தியும் மற்றவள் கையைப் பார்த்ததில்லை.

முதலில் வெறும் கல்லை வைத்து விட்டார்கள். தயாளன் இரண்டு கையாலும் ரப்பரை இழுத்து மாட்டினான். தனசிங் சார் பலகையை மாடிச் சுவர்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாளை இழுத்ததும் பலகை குதிரைபோல உதைத்தது. கல் ஓடையைத் தாண்டி, கிளியம்மாள் வீட்டைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த வேப்பமரத்தில் புகுந்து காக்கைகளைக் கிளப்பியது. எதிர்மாடியில் தீனா இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான்.

"போவுது சார்! சோக்கா போவுது!"

"கயிறு கட்டுங்க, கயிறு கட்டுங்க."

கயிறு கட்டியதும் இருபதடியில் விழுந்தது. கயிறு கனம் என்று நூலைக் கட்டினார்கள். கிளம்பிய வேகத்தில் நூல் பட்டென்று அறுந்து, கல் மட்டும் போயிற்று. மறுபடி கட்டினார்கள். மறுபடி அறுந்தது.

"நூலு பின்னாலயே இயுபட்டுக்கினு போவக்கூடாது" என்றாள் சுபத்ரா. "உள்ளருந்து வரணும்."

"எதுக்குள்ளருந்து?"

அவள் கீழே ஓடி, நாடாக்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முழ நீளம், படகு மாதிரி நடுவில் குழிந்த மரம், இரண்டு பக்கமும் கூரான இரும்பு முனை. குழிக்குள் நூல் சுற்றிய தார் உட்கார்ந்திருக்கும். நாடா ஓட ஓட நூல் அதற்குள்ளிருந்து தானாக அவிழ்ந்து வரும். அதற்காகவே செய்தது அது.

தனசிங் சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கர்த்தாவே" என்றார். "முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். எனக்குத் தோணலயே." பிறகு இரும்பு முனையைக் கட்டைவிரலால் தொட்டார். "இது குத்துமே?"

"துணி சுத்திரலாம் சார்."

நாலு இழை சேர்த்து முறுக்கிய நூலைத் தாரில் சுற்றினாள். நூலின் இந்த முனையில் கொடிக்கயிறு. தீனா நூலை இழுத்தால் கயிறு போகும். கயிற்றில் கவரைக் கட்டினால் இவர்கள் இழுத்துக்கொள்ளலாம். அதைக் கையாலும் தலையாலும் எதிர்ப்பக்கத்துக்கு விளக்கக் கால் மணி நேரமாயிற்று. சுபத்ரா ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டி, சட்டென்று கீழே இறக்கிக் குனிந்து காண்பித்தாள். துண்டு இறங்கினால் குனிய வேண்டும். எதிரில் இரண்டு பேரும் சுவருக்குப் பின்னால் குனிந்து மறைந்தார்கள். மறுபடி தூக்கினாள், எழுந்தார்கள். இறக்கினாள், குனிந்தார்கள். எழுந்தபோது கிளியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

முதல் நாடா, முனையில் துணி சுற்றியபடி கிளம்பியது. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். நூல் அறுந்துபோகவில்லை. சிலந்தி இழைபோல அழகாக அவிழ்ந்துகொண்டே போனது. ஆனால் துணி காற்றில் அவிழ்ந்து படபடத்தது. நாடா தலையைத் திருப்பிக்கொண்டு, முக்கால்வாசி தூரத்தில் பக்கவாட்டாகத் தண்ணீரில் விழுந்தது. ஒரு ஆகாயத்தாமரைத் திட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. நூல் ஒரு கணம் சுபத்ராவின் விரலை அறுத்துவிட்டு அறுந்தது.

கீழேயிருந்து ஸ்நேகா வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. தயாளன் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"கூப்ட்டா முயிக்க மாட்டேங்குறா. கண்ணத் தொறக்குறா, ஆனா என்னப் பாக்கல. எங்கியோ பாக்குறா."

சுபத்ரா இரண்டாவது நாடாவை எடுத்தாள். அதில் சார் சுற்றி வைத்திருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் போட்டாள்.

"வேணாம் சுபத்ரா" என்றார் தனசிங் சார். "இரும்பும்மா. வேற எதுனா கட்டிப் பாப்போம்."

"இன்னொரு நாடா இல்ல சார். இதுவும் தண்ணில போச்சுன்னா?"

"அந்தம்மா அங்க நிக்கறாங்க."

"குனிஞ்சுக்குவாங்க சார். ரெண்டு வாட்டி குனிஞ்சாங்கல்ல? நீங்களும் பாத்தீங்கல்ல?"

சார் தயாளனைப் பார்த்தார். தயாளன் ஏற்கெனவே ரப்பரை இழுக்க ஆரம்பித்திருந்தான். சார் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பலகையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். இந்த முறை இன்னும் ஒரு சாண் கூட இழுத்தான். கவட்டை முனகியது.

சுபத்ரா துண்டைத் தூக்கினாள். எதிரே தீனா மஞ்சள் கவரைச் சுவர்மேல் வைத்து அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். கிளியம்மாள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். மழைக்குள் அந்த உருவம், சற்றே முன்னால் சாய்ந்து, தறியில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

"ரெடியா?" என்றான் தயாளன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுபத்ரா பலமுறை தனக்குள் ஓட்டிப் பார்த்தாள். நிஜத்தில் அது ஒரு கண்ணிமைப்பு. துண்டை இறக்கத்தான் வேண்டும். துண்டு வலக்கையில்தான் இருந்தது. ஆனால் அவள் இடக்கை உள்ளங்கையை விரித்தபடி முன்னால் நீண்டது. வாயிலிருந்து பதினொரு வருஷத்துச் சத்தம் வந்தது.

"போடறேன்க்கா!"

தயாளன் தாழ்ப்பாளை இழுத்தான்.

நாடா நேராகப் போனது. துளி அசையாமல், தலை திரும்பாமல், பாவுக்குள் ஓடுவதுபோலக் காற்றில் ஓடியது. அது வருவதைப் பார்த்துத் தீனா குனிந்துவிட்டான். கிளியம்மாள் குனியவில்லை. குரல் கேட்டதோ இல்லையோ, இவள் கை நீண்டது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் வலக்கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் லேசாக மடங்கியபடி, அவசரமே இல்லாமல். தினமும் பிடிக்கிறதைப் பிடிக்கிற கை.

பிறகு அந்த இடத்தில் கிளியம்மாள் இல்லை.

"விழுந்துச்சு!" என்று தயாளன் கத்தினான். "அந்தாண்ட விழுந்துச்சு! நூலு நிக்குது பாரு! போயிருச்சு சுபா, போயிருச்சு!"

நூல் நின்றது. இந்த மாடியிலிருந்து அந்த மாடிவரை, தண்ணீருக்கு மேலே, மழைத்துளிகள் கோத்துக்கொண்டு தொய்வாகத் தொங்கியது. அவ்வளவு மெல்லிய ஒன்று அவ்வளவு பெரிய சத்தத்துக்கு மேலே நிற்பதைச் சுபத்ரா பார்த்தாள். அது அழகாக இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

"தயாளன்" என்றார் தனசிங் சார். "கத்தாதீங்க."

"இன்னா சார்?"

"அந்தம்மா எங்க?"

தயாளன் எதிரே பார்த்தான். சுவர்மேல் கவர் இருந்தது. அதன்மேல் கல் இருந்தது. ஆள் இல்லை.

"குனிஞ்சிருப்பாங்க" என்றான். "குனிஞ்சினு கீறாங்க. துண்ட தூக்கிக் காட்டு சுபா. எழுந்துக்குவாங்க."

சுபத்ரா துண்டைத் தூக்கினாள். யாரும் எழவில்லை. இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

அவள் இடக்கை விரலில் நூல் அசைந்தது. நூல் அசைவதை வைத்து அடுத்த முனையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள் அவள். சிக்கா, முடிச்சா, தார் தீர்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இப்போது அது இரண்டு தடவை மெல்ல அதிர்ந்தது. பிறகு ஒரு வெட்டு. எதிலிருந்தோ எதையோ பிடுங்கியதுபோல. அந்த வெட்டு அவள் விரல் வழியாக முழங்கைவரை வந்தது.

"சார்" என்றாள். "சார், நான் துண்ட இறக்குனேன்ல?"

சார் அவளைப் பார்க்கவில்லை.

"இறக்கினேன்ல சார்?"

"இந்த நேரம் அதெல்லாம் பேச வேணாம்மா."

தீனா எழுந்தான். வெறும் மார்போடு இருந்தவன், சட்டை போட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தான். கழுத்திலிருந்து வயிறுவரை சிவப்பாக இருந்தது. மழை அதைக் கரைத்து இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் நாடா. அதை என்ன செய்வதென்று தெரியாதவனைப்போலப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து கத்தினான். காற்று பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தது.

"...எங்கம்மாவ இன்னா பண்ட்டீங்க! இன்னா பண்ட்டீங்க!"

தயாளன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் இரண்டு கையையும் பார்த்தான். ரப்பர் இழுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. "நான் குறிய மேலதான் தூக்கி வெச்சேன்" என்றான். "சார், நான் மேலதானே வெச்சேன்? செவுத்துக்கு மேலதானே?" பலகை அவன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. நாற்காலியின் முதுகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தீனா!" என்று சுபத்ரா கத்தினாள். "அக்காக்கு எங்கடா பட்டுச்சு? கையிலயா? தீனா! மொகத்துலயா?"

அவன் குனிந்து யாரையோ தொட்டான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். கிளியம்மாளின் கையோ காலோ தெரியுமா என்று சுபத்ரா எட்டிப் பார்த்தாள். சுவர் மறைத்தது. நூறடி. நடந்தால் அரை நிமிஷம். அவள் உடம்பு அந்தச் சுவர் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்ததும் தனசிங் சார் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்களும் விழுந்தா ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"நான் போவணும் சார். அக்காகிட்ட போவணும்."

"போக முடியாது. அவன் தூக்கிக்கிட்டுப் போவான். பின்னால ரோடு இருக்கு, வண்டி இருக்கு. அவன் போனா, அந்தம்மா பிழைப்பாங்க." சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா அவன் போயிட்டா..."

மூன்று பேரும் சுவர்மேலிருந்த மஞ்சள் கவரைப் பார்த்தார்கள்.

அதைப் பார்த்ததற்காகவே சுபத்ராவுக்குத் தன் கண்ணைப் பிடுங்கிப் போட வேண்டும்போல இருந்தது. அங்கே அக்கா கிடக்கிறாள். கிடக்கிற இடம் தெரியவில்லை, மூச்சு இருக்கிறதா தெரியவில்லை. தன் கண் கவரைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு அதன்மேல் வைத்த கல் போதுமா, காற்று தூக்கிவிடுமா என்று கணக்குப் போடுகிறது.

கீழே ஸ்நேகாவின் மூச்சுச் சத்தம் படி வழியாக மேலே வந்தது. ரம்பம் இழுப்பதுபோல. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது.

"நீங்கதாம்மா கேக்கணும்" என்றார் சார் மெதுவாக. "நான் கேட்டா அவன் காதுல ஏறாது. தயாளன் கேட்டா வெட்டிப் போட்டுருவான்."

"எந்த வாயால சார் கேப்பேன்?"

"எனக்குத் தெரியாதும்மா."

எதிரே தீனா தாயைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். சுவருக்கு மேலே அவன் முதுகு மட்டும் தெரிந்தது, எழுந்தது, இறங்கியது. கிளியம்மாள் கனத்த பெண்மணி. மூன்றாவது முறை அவன் நிமிர்ந்தபோது தாயின் தலை அவன் தோளில் இருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை தொங்கியது. அது தானாக ஆடியதா, அவன் நடந்ததால் ஆடியதா என்று தெரியவில்லை. படியை நோக்கி இரண்டடி வைத்தான். நூல் அவன் காலில் சிக்கியிருந்தது. குனிந்து அதை ஒரு கையால் பற்றினான்.

சுபத்ராவின் விரலில் நூல் விறைத்தது.

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள். கத்தினாள். அவளுக்கே அடையாளம் தெரியாத குரலாக இருந்தது.

"தீனா! கண்ணு! அறுத்துடாதடா! ஒரே நிமிசம்... அக்காவ அந்தாண்ட சாச்சு வெச்சுட்டு, அந்த நூல மெதுவா இயுடா. இயுத்தா கயிறு வரும். அப்பால என்ன எத வேணா பண்ணிக்கோ. கயித்துல அந்தக் கவர மட்டும் கட்டி வுட்டுட்டுப் போடா..."